ஐந்தருவியில் பை பார்த்தவள்

ஒன்பது பைகள். நான்கு போன்கள். ஒரு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடிகள், வீட்டுக்காரரின் கைக்கடிகாரம். ஜோடி பிரிந்து கிடந்த ஒரு குவியல் செருப்பு. என் மடியில் மாமியாரின் தஸ்பீஹ் மணிமாலை. வலது கையில் குரங்கு விரட்ட ஒரு வேப்பங்குச்சி.

போன சாரல் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் பார்த்துப் போட்டிருந்த சிமெண்ட் பெஞ்சில் நான் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அருவியிலிருந்து பறந்து வந்த நீர்த்தூள் முகத்தில் படிந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற தேங்காய் எண்ணெய் வாசம். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தார்கள். என் மகள் ஷிஃபா கூச்சல் போடுவது மட்டும் தனியாகக் கேட்டது. அவளுக்குக் கல்லூரி இரண்டாம் வருடம், வயது மட்டும் அருவிக்குப் போனால் பத்தாகிவிடும்.

ஆண்கள் பக்கமிருந்து சொட்டச் சொட்ட என் வீட்டுக்காரர் வந்தார். உதடு நீலம் பாய்ந்து, பல் கிட்டிப்போய், முகமெல்லாம் சிரிப்பு. நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். இருபத்திரண்டு வருடம் சவூதியில், தம்மாமில் ஒரு துணிக்கடையில் நின்றுவிட்டு, "போதும்" என்று முடித்துக்கொண்டு ஊர் வந்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது.

"திங்கக்கிழமைக்கு டோக்கன் போட்டாச்சு" என்றார்.

"எங்க மச்சான்?"

"பாளையங்கோட்டையில. மூக்கு டாக்டர். கேமரா உள்ள விட்டுப் பாப்பாராம். தேவைன்னா சின்னதா ஒரு ஆபரேசன். ஒரே நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்னு சொல்லுதாவ."

"எனக்கு எதுக்கு ஆபரேசன்?"

"சைனஸ்னு இருபத்து நாலு வருசமா இங்கன உக்காந்து பை பாக்கேல்லா. நான் அங்கன இருந்துகிட்டு என்ன செய்ய முடியும்? இப்பம் வந்துட்டேம்லா. அடுத்த சாரலுக்கு நீயும் தண்ணியில நிக்கணும்."

சொல்லிவிட்டுத் துண்டை என் மடியில் போட்டுவிட்டு மறுபடியும் அருவிக்கு ஓடினார். அவர் அன்பாகத்தான் சொன்னார். மாட்டிக்கொண்டது நான்தான்.

ஏனென்றால் எனக்கு சைனஸ் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சைனஸ் வந்த நாள்

கடையநல்லூரில் எங்கள் தெருவில் ஆனி பிறந்துவிட்டால் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி விழுதா?" என்பதுதான். ஸலாம் கூட அதற்கு அப்புறம்தான். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பார்ப்போம். மலை உச்சி தெரிந்தால் வீட்டு வேலை. மேகம் உட்கார்ந்து மலையே தெரியாவிட்டால் தேங்காய் துருவ ஆரம்பித்துவிடுவோம், மதியச் சோறு குற்றாலத்தில்.

நான் மாமியார் வீட்டுக்கு வந்த வருடம், கல்யாணமாகி இரண்டாவது மாதமே சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு வேனில் பதினாறு பேர் போனோம். அடுக்குப் பாத்திரத்தில் தேங்காய்ச் சோறு, தூக்குச் சட்டியில் கறிக்குழம்பு, அவித்த முட்டை இருபது. அந்த வீட்டில் ஒரு வழக்கம். புது மருமகளின் முதல் சாரலுக்கு மாமியார் தன் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். நல்லெண்ணெயில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் காய்ச்சி ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்கள்.

வேன் நின்ற இடத்திலேயே மாமி என்னை உட்காரவைத்து, பிஸ்மி சொல்லி, உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி, அருவிச் சத்தம் பக்கத்தில் கேட்டது.

நாத்தனார்கள் எல்லாரும் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இருபது வயசுப் புதுப்பெண் "எனக்கு அருவியைக் கண்டால் பயம்" என்று எப்படிச் சொல்வாள்? ஊர் முழுக்கக் கேலி பேசுவார்களே. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாமி, எனக்கு சைனஸ்."

அந்த வார்த்தை எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருடையது. மாதத்துக்கு இரண்டு நாள் லீவு எடுப்பதற்கு அவர் அதைத்தான் வைத்திருந்தார். ஆபத்துக்கு எனக்கும் உதவியது.

"அப்படின்னா என்னட்டி?"

"தலையில பச்சத்தண்ணி பட்டா மூக்குல நீர் கோத்துக்கிடும் மாமி. தலை பொளந்துரும்."

மாமி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அப்பம் நீ இங்கன இரு. பையெல்லாம் பாத்துக்கிடுதியா?" என்றார்.

"பாத்துக்கிடுதேன் மாமி."

அன்று முழுக்க எண்ணெய் வழிகிற தலையோடு, காது மடலெல்லாம் பூண்டு வாசத்தோடு பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு குரங்குகள் என் தலையை மோந்து பார்த்துவிட்டுப் போயின. வீட்டுக்கு வந்து வெந்நீரில் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் எண்ணெய் போக நாலு நாள் ஆயிற்று.

வளையல் போட்ட ஒரு கை

அருவியைக் கண்டால் ஏன் அவ்வளவு பயம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், பேரருவியில் கட்டுக்கடங்காத கூட்டம். உம்மா என் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் கூட்டிப்போனார். யாரோ தள்ள, யாரோ வழுக்க, உம்மாவின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. தலைக்கு மேலே தண்ணீர் இடிக்கிறது. கண் திறக்க முடியவில்லை. மூச்சு விட வாயைத் திறந்தால் தண்ணீர்தான் உள்ளே போகிறது. சுற்றிலும் ஈரச் சேலைகள், எல்லாம் வேறு யாருடையவோ. உம்மா என்று கத்தினேன். அது எனக்கே கேட்கவில்லை.

யாரோ என் பின்னலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். கண்ணைத் திறந்தபோது சிவப்புக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது. உம்மா ஓடி வருவதற்குள் அந்தக் கை கூட்டத்தில் போய்விட்டது. அவர் யார், எந்த ஊர், என்ன பெயர், எதுவும் தெரியாது. ஆனால் இன்று வரை தொழுகை முடிந்து கையேந்தும்போது அவருக்கும் ஒரு துஆ கேட்காமல் நான் எழுந்ததில்லை. அல்லாஹ்வுக்கு அவர் முகவரி தெரியும்.

காவல் வேலையின் சௌகரியங்கள்

பை பார்ப்பதை யாரும் கேவலமாக நினைக்கக் கூடாது. எந்தக் குடும்பம் குற்றாலம் போனாலும் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த ஒருவருக்கு ஒரு தனி அந்தஸ்து உண்டு. யாருடைய பனியன் எங்கே, யாருடைய சீப்பு எந்தப் பையில், முட்டை எத்தனை மிச்சம், எல்லாம் அவருக்குத்தான் தெரியும். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் கை நீட்டுவார்கள். அந்த நேரத்தில் நான் யாரையாவது அதட்டினால் பதில் பேச ஒருவருக்கும் தைரியம் வராது.

குரங்குகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு வனத்துறைக்காரருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். குட்டியோடு வருகிற குரங்கு சோற்றுக்கு வரும். தனியாக வருகிற ஆண் குரங்கு, கடுவன், பைக்கே வரும். எங்களிடம் வந்த ஒரு கடுவன் பையின் ஜிப்பைத் திறந்து, மச்சான் தம்மாமிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி, ஒவ்வொன்றாகத் தாளை உரித்துத் தின்றது. தாளைக் கீழே போடவில்லை, கிளை இடுக்கில் சொருகி வைத்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு இன்று வரை வரவில்லை.

ஒருமுறை செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மலையாளக் குடும்பம் வந்தது. நான் பைகளோடு இருக்கிற தோரணையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து, "சேச்சி, ஒண்ணு நோக்கணே" என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி, கையிலிருந்ததை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பையென்று நினைத்து வாங்கினேன், பார்த்தால் ஆறு மாதக் குழந்தை. முக்கால் மணி நேரம் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. முன்பின் தெரியாத ஒருத்தியை நம்பிப் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறார்களே, இந்த ஊர்த் தண்ணீருக்கு என்ன மயக்கம் என்று வியந்துபோனேன். அவள் திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு ஒரு கை ரம்புட்டான் பழம் கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

ஐஸ்கிரீம் இல்லாத வாழ்க்கை

ஆனால் பொய்யோடு குடும்பம் நடத்துவது லேசான வேலை இல்லை.

சைனஸ்காரிக்கு ஐஸ்கிரீம் ஆகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஐஸ்கிரீம் கப் வரும்போது, மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் மாமியின் குரல் வரும். "ஏம்மா, எம் மருமவளுக்கு வைக்காதிய, அவளுக்கு சேராது." நோன்பு திறக்கும்போது எல்லாருக்கும் குளிர்ந்த சர்பத், எனக்கு மட்டும் சுக்கு வெந்நீர். நானும் ஷிஃபாவும் தென்காசிக்குத் துணி எடுக்கப் போகும் நாட்களில்தான் திருட்டுத்தனமாக ஐஸ்கிரீம் தின்போம். "எம்மா, ஒனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே, வீட்டுல சொன்னா என்ன?" என்று அவள் கேட்பாள். "சும்மா தின்னுட்டு வா" என்பேன். நர்சரிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிற டீச்சர் நான்.

மச்சான் லீவில் வரும்போதெல்லாம் எனக்கு என்று ஒரு பை தனியாக வரும். தைலம், உறிஞ்சுகிற குழல், மூக்கில் அடிக்கிற ஸ்பிரே. அலமாரி நிரம்பி வழிந்தது. தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாமியின் வைத்தியத்தைத்தான் தாங்க முடியவில்லை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், பாங்கு சொல்லுமுன்பே எழுந்து நொச்சி இலை பறித்துவந்து, பானையில் கொதிக்க வைத்து, என்னைப் போர்வைக்குள் உட்காரவைத்து ஆவி பிடிக்கச் செய்வார். போர்வைக்கு வெளியிலிருந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். பெற்ற தாயை இழந்த வருடம், அந்தப் போர்வைக்குள் உட்கார்ந்துதான் நான் அழுது தீர்த்தேன். ஆவியில் வந்த கண்ணீர் என்று நினைத்தாரோ என்னவோ, மாமி எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவு பாசமும், இல்லாத ஒரு நோய்க்காகக் கிடைக்கிறதே என்பதுதான் என் உறுத்தல். உண்மை தெரிந்தால் அந்தக் கை என் முதுகை விட்டு எடுக்கப்பட்டுவிடும் என்று பயந்தேன். ஒவ்வொரு ரமலானிலும் இந்தப் பொய்க்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பேன். மாமியிடம் சொல்லும் தைரியம் மட்டும் எந்தப் பிறைக்கும் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பயம் எப்போதோ போய்விட்டது. வருடா வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்து அருவியையே பார்த்துக்கொண்டிருந்ததில், அது எனக்குப் பழகிவிட்டது. எந்தக் கிளையில் தண்ணீர் மெலிந்து விழும், காற்றடித்தால் எந்தப் பக்கம் சாயும் என்றெல்லாம் தெரிந்துபோனது. நாலைந்து வருடமாகவே போய் நிற்க ஆசையாக இருந்தது. நின்றால் பொய் வெளியே வந்துவிடும் என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமைக்கு முன்னால்

இப்போது மச்சான் டோக்கன் போட்டுவிட்டார். மூக்குக்குள் கேமரா போகப்போகிறது. "இதுல ஒண்ணுமே இல்லையே அம்மா" என்று டாக்டர் சொல்லப்போகிறார். யாரோ ஒருவர் வாயிலிருந்து மாமிக்கு அது தெரியவருவதை விட நானே சொல்லிவிடுவது மேல் என்று முடிவு செய்தேன். பிஸ்மி சொல்லிக்கொண்டேன்.

மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் சாரல் வந்தால் முதல் ஆளாகத் தண்ணீரில் நிற்பது அவர்தான். அன்றும் நன்றாக ஆடிவிட்டு, ஷிஃபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷிஃபா மறுபடியும் உள்ளே ஓடிவிட்டாள். துண்டை எடுத்துக் கொடுத்தேன். மாமி தலையைத் துவட்டிக்கொண்டே மலையை அண்ணாந்து பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ். என்னா தண்ணி, என்னா தண்ணி" என்றார்.

"மாமி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு சைனஸ் இல்ல."

மாமி துவட்டுவதை நிறுத்தினார்.

"எந்தக் காலத்துலயும் இல்ல மாமி. அன்னைக்கு அருவியப் பாத்ததும் பயந்து போயிட்டேன். வாயில வந்த பொய்யச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் சொல்ல முடியல. நீங்க எனக்குக் காலங்காத்தால எந்திரிச்சி..." அழுதுவிட்டேன். அக்கம்பக்கத்தில் பை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்" என்றார் மாமி.

"என்ன மாமி?"

"தெரியும்ங்கேன். கல்யாணம் பேச வந்த அன்னைக்கே உங்க உம்மா சொல்லிட்டாவ. 'எம் பிள்ளைக்கு அருவின்னா பயம், கட்டாயப்படுத்திராதிய'ன்னு எங்கையப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னாவ."

"பொறவு ஏன் எண்ணெய் வச்சிய?"

"வழக்கத்த விட முடியுமா? எண்ணெய வச்சி, நாத்தனாமாரு கூட அனுப்பி, ஓரமா நிப்பாட்டிக் காலை மட்டும் நனைச்சிக் கூட்டியாங்கன்னு சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ சைனஸ்னுட்ட."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா மாமி. தெரியும், பயப்படாதன்னு."

மாமி தலையைக் குனிந்துகொண்டார். ஈர முடியிலிருந்து தண்ணீர் அவர் மடியில் சொட்டியது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார். "நான் இந்த வீட்டுக்கு மூத்த மருமவ. வந்த வருசத்துலேருந்து இங்கன பை பாத்தவ நாந்தான். மாமியா, நாத்தனாமாரு எல்லாம் உள்ள போயிருவாவ. எனக்கு ஒரு பிள்ள இடுப்புல, ஒண்ணு மடியில. அவங்க வந்ததும் சோறு வைக்கணும். வச்சி முடிச்சா, பஸ்ஸுக்கு நேரமாச்சி எந்திரிம்பாவ. இருவது வருசத்துக்கு மேல இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, முகத்துல தெறிச்சத மட்டும் தொடச்சிட்டு வீட்டுக்குப் போயிருக்கேன். ஒரு நாளு, நீயும் போய் நனைஞ்சிட்டு வான்னு ஒருத்தர் சொல்லல."

நான் துண்டை வாங்கி அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

"நீ சைனஸ்னதும், அல்லாஹ்வே, பை பாக்க ஒரு ஆளு கெடச்சிட்டான்னு ஒரு சந்தோசம் வந்துச்சி பாரு. சொல்ல வெக்கமா இருக்கு பிள்ள. அன்னைக்குத்தான் நான் மொத மொதல்ல அருவியில தலையக் குடுத்தேன். நாப்பத்தாறு வயசுல. உனக்கு பயம்னு தெரிஞ்சும், உன்ன இங்கன உக்கார வச்சிட்டு நான் குளிச்சேன். இன்னைய வரைக்கும் குளிச்சேன்."

அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்பம் அந்த ஐஸ்கிரீம்?"

"பொறவு? பொய் சொன்னவளுக்குச் சின்னதா ஒரு தண்டனையாச்சும் வேண்டாமா? நீ ஐஸ்கிரீம் தின்னுட்டுக் கல்லு மாதிரி நின்னா, சைனஸ் போயிட்டுன்னு உன்ன எல்லாரும் குளிக்கக் கூப்புடுவாவ. பைய யாரு பாப்பா?"

"நொச்சி எல?"

"அது உன் காவல்ல நான் குளிச்சதுக்கு. வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு? ரமலானுக்கு ரமலான் அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டுருவேன். உங்கிட்டக் கேக்கத்தான் வாய் வரல."

ஒரே வீட்டில், ஒரே அறையில், அடுத்தடுத்து விரித்த இரண்டு தொழுகைப் பாய்களில் உட்கார்ந்து, இத்தனை ரமலானாக மாமியும் மருமகளும் ஒரே பொய்க்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறோம். ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல். கேட்டுக்கொண்டிருந்த அல்லாஹ் எவ்வளவு பொறுமையாக எங்களைப் பார்த்திருப்பான். என் பயத்தையே எடுத்து அவருக்கு ஒரு சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு, என் பொய்யை வைத்து எனக்கு ஒரு தாயையும் கொடுத்திருக்கிறான். நான் மாமியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சுருக்கம் விழுந்து குளிர்ந்துபோன கை.

"போ. நான் பாக்கேன் பைய" என்றார் மாமி.

"நீங்க இல்லாம போவ மாட்டேன்."

மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். சிப்ஸ் கடை வாசலில் நின்று, துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒரு கை நிறைய அள்ளித் தின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

"ஏலே காதர், இங்கன வா. உக்காரு. பையெல்லாம் பாரு."

"நீங்க எங்க உம்மா போறிய? இப்பந்தான வெளிய வந்திய?"

"உன் பெஞ்சாதியக் குளிக்கக் கூட்டிட்டுப் போறேன்."

"உம்மா, அவளுக்கு சைனஸு!"

"போயிட்டுலே."

"எப்பம்?"

"இப்பந்தான்."

"அப்பம் திங்கக்கிழமை டோக்கன்?"

"ராத்திரி பூராம் குறட்டை விடுதேல்லா, நீ போய்க் காட்டு."

வேப்பங்குச்சியை அவர் கையில் திணித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். விவரத்தையெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவரிடம் சொன்னேன். இலஞ்சி தாண்டும் வரை சிரித்தார். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடமாகச் சுமந்துவந்த ஸ்பிரேக்கள் நினைவு வந்துவிட்டது போல, கடையநல்லூர் வரைக்கும் பேசவில்லை.

தண்ணீருக்குள்

தரை வழுக்கியது. கால் விரல்களால் கல்லைக் கவ்விக்கொண்டு நடந்தேன். மாமி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கம்பியப் பிடிச்சிக்க. தலையக் குனிஞ்சிக்க. வாயால மூச்சு விடு. நான் விட மாட்டேன்."

பிஸ்மில்லாஹ் சொல்லிக் குனிந்தேன்.

முதல் அடி பிடரியில் விழுந்தது. அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. குளிர் முதுகுத்தண்டில் இறங்கி, ஒரு நொடி மூச்சு நின்றது. பழைய பயம் எட்டிப் பார்த்தது. மணிக்கட்டில் மாமியின் பிடி அப்படியே இருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டேன். வந்தது. இன்னொன்று விட்டேன், அதுவும் வந்தது. தோளில், முதுகில், இடுப்பில், எங்கெல்லாம் வலி என்று இத்தனை நாள் எனக்கே தெரியாதோ அங்கெல்லாம் தண்ணீர் இடித்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஷிஃபா, "எம்மா! எம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

அந்தத் தண்ணீருக்குள் நின்று அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. மலைக்கு, மழைக்கு, உயிரோடு திரும்பி வந்த வீட்டுக்காரருக்கு, பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்னேன். வெளியே வருவேன், மூச்சு வாங்குவேன், மறுபடியும் உள்ளே போவேன். பெஞ்சில் மச்சான் எழுந்து நின்று கையைக் காட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். குரங்காக இருக்கும். நான் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது முறையோ நாலாவது முறையோ, பெண் காவலர் ஒருவர் விசில் ஊதத் தொடங்கினார். விட்டு விட்டு ஊதினார். யாரோ ஒருத்தி இடத்தை அடைத்துக்கொண்டு அடுத்தவர்களுக்கு விடாமல் நிற்கிறாள் போலிருக்கிறது, சிலருக்கு எவ்வளவு சொன்னாலும் உறைக்காது என்று நினைத்துக்கொண்டே நான் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தேன்.

மாமி என் காதில் வாயை வைத்துக் கத்தினார்.

"ஏட்டி, வெளிய வா. உனக்குத்தான் ஊதுதாவ!"